குட்டையில் கிடந்த அச்சு

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இன்றும் பருப்பு வேகவில்லை. பம்புத் தண்ணீரில் சோப்பும் நுரைப்பதில்லை. துணி துவைக்கும்போது பக்கத்து வீட்டு மகேஸ்வரி கேட்டாள்: "பீங்கான் கம்பெனிக்காரங்க தேஞ்சுபோன ஜிப்சம் அச்சையெல்லாம் பம்புக்குப் பக்கத்துக் குட்டையில கொட்டுறாங்களாம் விமலா. உன் தம்பியுமா?"

எனக்குச் சுருக்கென்றது. தம்பி காஸ்பர் தன் கம்பெனியின் பழைய அச்சுகளை லாரியில் சிமெண்ட் ஆலைக்கு அனுப்புகிறான். பசுமைத் தொழில் என்று போன வருடம் மேடையில் மாலையே போட்டார்கள். "அவன் செய்யமாட்டான், நான் பொறுப்பு" என்றேன்.

ஆகஸ்ட் 9

காஸ்பர் கேன் தண்ணீர் அனுப்பினான். "அக்கா, புள்ளைங்களுக்கு இதையே குடு." என்ன பாசம். தெருவெல்லாம் சொல்லிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 23

மகேஸ்வரியின் மகள் இளமதிக்கு உடம்பெல்லாம் சொறி.

செப்டம்பர் 1

மகேஸ்வரியின் ஆடு குட்டைக்குள் இறங்கிவிட்டது. பிடிக்கப் போனோம். கரையோரம் வெள்ளை வெள்ளையாக அச்சுக் குவியல். ஒன்றைப் புரட்டினேன். அடியில் சிலுவை, அதன் கீழே 'சூ'.

புது அச்சில் மண்கூழ் ஊற்றுமுன் சிலுவையும் அம்மா சூசையம்மாளின் முதலெழுத்தும் கீறுவது எங்கள் வீட்டுப் பழக்கம். மூத்த பெண்தான் கீற வேண்டும். என் கைதான் இது.

மகேஸ்வரிக்கும் இந்தக் குறி தெரியும். ஆட்டை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். திட்டியாவது இருக்கலாம்.

செப்டம்பர் 2

நேரே காஸ்பரின் கம்பெனிக்குப் போனேன்.

"லாரி வாடகை கட்டுப்படியாவலக்கா. எல்லாருந்தான் கொட்டுறாங்க."

"அப்ப கேன் தண்ணி எதுக்குடா அனுப்புன?"

தலையைக் குனிந்துகொண்டான். "உன் புள்ளைங்க பம்புத் தண்ணியக் குடிக்கக் கூடாதுன்னுதான்."

அடப்பாவி. தெரிஞ்சே செஞ்சிருக்கான். என் புள்ளைங்களுக்கு மட்டும் நல்ல தண்ணி, இளமதி எதையோ குடிக்கட்டும் — அப்படித்தானே? நான் வேற அவனுக்காகத் தெருவுல ஜாமீன் நின்னேன். என் வாய வச்சே எல்லாரையும் ஏமாத்திட்டான். கூடப் பொறந்தவன்.

செப்டம்பர் 3

மீதிக் கேன்களை மகேஸ்வரி வீட்டில் வைத்தேன். சாயங்காலம் அவை என் வாசலில் இருந்தன.

செப்டம்பர் 17

புகார் கொடுத்தது மகேஸ்வரி. அதிலிருந்து பஞ்சாயத்து தெருவுக்குத் தண்ணீர் லாரி அனுப்புகிறது. இன்று அதிகாரி வந்தார். கம்பெனிக்காரர்கள் எல்லோரும் தங்களுக்குத் தெரியாது என்று கைவிரித்தார்கள். காஸ்பரும்தான். "வெளியூர் லாரி எதுனா கொட்டியிருக்கும் சார்."

அதிகாரி சிலுவை கீறிய அச்சைத் தூக்கிக் காட்டினார். "இது யாருடையதுன்னு சொல்ல யாராவது இருக்கீங்களா?"

தெருவே என்னைப் பார்த்தது. "அக்கா" என்றான் காஸ்பர், மெதுவாக.

"என் தம்பியோடது. கீறினது நான்."

எழுதிக் கொடுத்துக் கையெழுத்தும் போட்டேன். நிமிர்ந்தபோது காஸ்பரின் பைக் திருப்பத்தில் போய்க்கொண்டிருந்தது. அழுகை வந்தது.

"தண்ணி லாரி வந்துடுச்சி" என்றாள் மகேஸ்வரி. "குடத்த எடுத்துட்டு வா. இடம் புடிச்சு வச்சிருக்கேன்."