காருக்குப் போட்ட சாம்பிராணி

மண்டபத்தூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள வெண்மதிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், நீயும் பிரான்சில் அந்த லியோன் ஊர்க் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே வந்து நின்றுகொள்கிறார், அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

அப்பாவின் இளைப்புக்குத் தஞ்சாவூர் டாக்டரிடம் மறுபடி காட்டவேண்டும் என்று உனக்குத் தெரியும். நீ விட்டுப்போன கார் வாசலில் நிற்கிறது, ஓட்ட நான் இருக்கிறேன், மனுஷர் ஏறமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். கேட்டால் "பஸ்ஸுன்னா காத்தோட்டமா இருக்கும்" என்பார், சரி பஸ்ஸிலாவது வாருங்கள் என்றால் கூட்டம் என்பார். இப்படியே டாக்டரைப் பார்க்காமல் நாளைக் கடத்தினார். மாடிப்படி ஏறி வந்தால் நெஞ்சு கீச்கீச்சென்கிறது. ஊசிக்குப் பயந்து நடிக்கிறார் என்று வாயில் வந்தபடி திட்டினேன். இதற்கிடையில் காரில் ஏசிக் காற்றே சரியாக வரவில்லை. மெக்கானிக் நீலமேகத்துக்குப் போன் பண்ணினேன், "ஏசி ஃபில்டர் அடைச்சிருக்கும்க்கா, புதுசு வாங்கி நீங்களே மாட்டிக்கலாம்" என்றார். முன்சீட்டுக்கு எதிரே சாமான் வைக்கும் டப்பாவை இரண்டு பக்கமும் அமுக்கிக் கழற்றி, உள்ளே இருந்த மூடியைத் திறந்து உருவினால், அடி ஆத்தாடி, ஃபில்டர் தூபக்கால் மாதிரி கறுத்துக் கிடக்கிறது, சாம்பிராணி வாடை குப்பென்று அடிக்கிறது. நீ போனதிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் உன் பேரைச் சொல்லி வேண்டிக்கொண்டு காருக்குள் சாம்பிராணி போடுகிறேன் அல்லவா, புகை மூலைமுடுக்கெல்லாம் போகட்டும் என்று கதவைச் சாத்தி ஏசியையும் போட்டுவிடுவேன். அம்மாவின் புத்திசாலித்தனத்தை நீயே மெச்சிக்கொள். புதுசையும் முதலில் தலைகீழாகத்தான் செருகினேன், காற்று போகும் பக்கத்துக்கு அம்புக்குறி போட்டிருப்பதை அப்புறம் பார்த்துத் திருப்பி மாட்டினேன். சீட்டையெல்லாம் துடைத்து, கதவைத் திறந்துபோட்டு வெயில் காட்டினேன்.

வியாழக்கிழமை அப்பாவை வம்படியாக ஏற்றினேன். முன்பெல்லாம் காரில் ஏறியதுமே இருமுகிறவர், இப்போது திருவாரூர் தாண்டியும் ஒரு இருமல் இல்லை. டாக்டர் சோதித்துவிட்டுப் பயப்பட ஒன்றுமில்லை, மருந்தை விடாதீர்கள், புகைப் பக்கம் போகாதீர்கள் என்றார். திரும்பி வரும்போது, சாம்பிராணிதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தால் வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். வெளியே வயலைப் பார்த்தபடியே "புள்ளைக்குன்னு வேண்டிக்கிட்டுப் போடுறே, அத எப்படி வேணாங்குறது" என்றார். வண்டியை ஓரம் கட்டிவிட்டு அழுதேன் மதி. வழியில் போனவர்கள் வண்டி ரிப்பேரா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

இனிமேல் காருக்குப் பூ மட்டும்தான். அங்கே நீ ஓட்டுகிற காரிலும் ஃபில்டரைப் பார்த்து மாற்று. நான் அழுததை எழுதினேன் என்று அப்பாவிடம் உளறாதே, கூச்சப்படுவார். இன்னொன்று, நீயும் அவர் பெண்தான். போனில் எப்போது கேட்டாலும் நல்லா இருக்கேன்மா என்கிறாய். அங்கே மூச்சு முட்டுகிற மாதிரி ஏதாவது இருந்தால், அம்மா மனசு நோகும் என்று பார்க்காமல் சொல்லிவிடு தாயி. அம்மன் துணையிருப்பாள், நோய்நொடி இல்லாமல் நீ நல்லா இருக்கணும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா அல்லி