நடந்த நாளும் வந்த நாளும்

மார்ச் 4, செவ்வாய்

ராஜினாமா கடிதம் கொடுத்தாயிற்று. பத்து வருடம் ஒரே ஆஸ்பத்திரி, ஒரே அறை, கிறீச்சிடும் ஒரே நாற்காலி. கடிதம் மட்டும் நான்கே வரி. இயக்குநர் படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி படித்தார். நான்கு வரியில் அப்படி என்ன புதைந்திருக்கப் போகிறது!

மாதக் கடைசி வரை வேலை. பிறகு சொந்த கிளினிக். துணிக்கடைக்கு மேலே, பதினாறு படி ஏறினால் காது, மூக்கு, தொண்டை.

அக்காவுக்கு ஃபோன் செய்தேன். அவள் பல் டாக்டர், சொந்த கிளினிக்கில் பதினெட்டு வருட அனுபவம். வாழ்த்து கீழ்த்து எதுவும் இல்லை. எடுத்ததுமே, "இன்ஷூரன்ஸ் எடுத்துட்டியா?" என்றாள். நோயாளி யாராவது நம் மேல் வழக்குப் போட்டால் நமக்காக வக்கீல் வைத்து நிற்கிற பாலிசியைக் கேட்கிறாள். இத்தனை நாள் அதை ஆஸ்பத்திரி பார்த்துக்கொண்டது. எனக்கு அப்படி ஒன்று இருப்பதே பாதி மறந்துபோயிருந்தது.

மார்ச் 6, வியாழன்

அக்கா அனுப்பிய இன்ஷூரன்ஸ் ஆலோசகர் அம்மா வந்தார். குரலில் ஏற்ற இறக்கமே கிடையாது. வீடு தீப்பிடித்தாலும் இதே சுருதியில்தான் சொல்வார் போல. ஆனால் விஷயம் தெளிவு.

பாலிசியில் இரண்டு ரகம். முதல் ரகத்தில், சிகிச்சை நடந்த வருடத்தில் பாலிசி இருந்திருந்தால் போதும்; புகார் எத்தனை வருடம் கழித்து வந்தாலும் அதுவே பார்த்துக்கொள்ளும். இரண்டாவதில், புகார் வந்து சேருகிற அன்று பாலிசி உயிரோடு இருக்க வேண்டும். நிறுத்தினாலோ ஓய்வு பெற்றாலோ, பழைய சிகிச்சைகளுக்காகத் தனியாக ஒரு நீட்டிப்பு வாங்கிக்கொள்ள வேண்டும்.

அவர் போன பிறகு என் வீட்டுக்காரரிடம் விளக்கினேன். இவருக்கு பஸ் கம்பெனியில் கால அட்டவணை போடுகிற வேலை. தேதி, நேரம் என்றால் மனுஷனுக்குப் பசி கூட எடுக்காது. ஒரு தாளில் கோடு கிழித்து, வருடங்களைக் குறித்து, ரெண்டுக்கும் பெயரே வைத்துவிட்டார்: "நடந்த நாள் பாலிசி, வந்த நாள் பாலிசி." ஆலோசகர் அம்மா அரை மணி நேரம் சொன்னதை நாலு வார்த்தையில் முடித்துவிட்டார். கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தாங்காது.

மார்ச் 9, ஞாயிறு

அக்கா வந்தாள். சந்தேகமே வேண்டாம், நடந்த நாள் பாலிசிதான், நான் பதினெட்டு வருடமாக அதுதான் வைத்திருக்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடு என்றாள். சின்ன வயதில் எனக்குச் செருப்பு வாங்கும்போதும் இதே தோரணைதான். அவள் காலுக்குச் சரியாக இருந்தால் எனக்கும் சரி.

நான் தலையாட்டப் போகிற நேரத்தில், தாளையே பார்த்துக்கொண்டிருந்த இவர் நிமிர்ந்தார். "ஏப்ரல் ஒண்ணாம் தேதிக்கு அப்புறம் நடக்கறதுக்கு அது சரி. பழைய பத்து வருஷத்துக்கு யாரு?"

"ஆஸ்பத்திரி" என்றோம், அக்காவும் நானும் ஒரே குரலில்.

"கேட்டீங்களா?"

கேட்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

கேட்டேன். கேட்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

அலுவலகத்து குமாஸ்தா பொறுமையாக ஃபைலை எடுத்துக் காட்டினார். ஆஸ்பத்திரி எடுத்திருப்பது வந்த நாள் ரகம். அதுவும் பட்டியலில் பெயர் இருக்கிறவர்களுக்கு மட்டும். "நீங்க இங்க இருக்கற வரைக்கும் கவர் உண்டு மேடம். போனப்புறம்... போயிட்டீங்களே."

ஆக, பத்து வருடத்தில் நான் தொட்ட அத்தனை காதும் ஏப்ரல் ஒன்றாம் தேதி காலையில் அநாதை. யாராவது அன்றைக்குப் புகார் அனுப்பினால் நான் தனியாள். இதை எனக்கு யாரும் சொல்லல. நானாவது கேட்டேனா? பத்து வருஷம் கையெழுத்துப் போட்டேனே, ஒரு தாளையாவது திருப்பிப் பார்த்தேனா?

மார்ச் 12, புதன்

ஆலோசகர் அம்மாவிடம் ஃபோனில் புலம்பினேன். அதே சுருதி: "பயப்பட ஒண்ணுமில்ல டாக்டர்."

வந்த நாள் பாலிசியில் முன் தேதி என்று ஒன்று உண்டாம். நான் ஆஸ்பத்திரியில் சேர்ந்த முதல் நாளை அதில் போட்டுவிட்டால், அன்று முதல் நான் செய்த எல்லாவற்றுக்கும் இந்தப் பாலிசி பொறுப்பு ஏற்கும். நடந்த நாள் பாலிசியில் அந்த வசதி கிடையாது. அக்கா ஆரம்பத்திலிருந்தே அதை வைத்திருப்பதால் அவளுக்கு அது பொருத்தம். எனக்கு மற்றது. ஆனால் எடுத்தால் நடுவில் விடக்கூடாது. என்றைக்குத் தொழிலை நிறுத்தினாலும் நீட்டிப்பு வாங்கிக்கொள்ள வேண்டும். சரி என்றேன்.

அக்காவுக்குத் தகவல் சொன்னேன். "நான் சொல்றத என்னிக்குக் கேட்டிருக்க நீ!" என்று வைத்துவிட்டாள். பத்து நிமிடத்தில் அவளே கூப்பிட்டு, அந்த முன் தேதி சமாச்சாரத்தை இன்னொரு தரம் சொல்லு என்றாள்.

மார்ச் 14, வெள்ளி

விண்ணப்பம் வந்தது. ஆறு பக்கம். பெயர், படிப்பு, செய்கிற ஆபரேஷன்கள்... தண்ணீர் பட்ட பாடாக ஓடியது பேனா. ஐந்தாம் பக்கத்தில் நின்றது.

"உங்கள் மீது புகாராக மாறக்கூடும் என நீங்கள் அறிந்த நிகழ்வு ஏதேனும் உண்டா?"

உண்டு.

மூன்று வருடம் முன்பு, ஒருவருக்கு வலது காதில் ஆபரேஷன். காதுக்குள் இருக்கிற மிகச் சிறிய எலும்பு இறுகிப்போய்க் கேட்காமலிருந்தது. எடுத்துவிட்டு செயற்கை எலும்பு வைத்தேன். நன்றாகக் கேட்டது. ஆனால் நாக்கிலிருந்து ருசியைக் கொண்டுபோகிற நரம்பு ஒன்று அந்த வழியாகத்தான் போகிறது, நூல் மாதிரி. அது அடிபட்டது. சில பேருக்கு அப்படி ஆகும். "வாயில பாதிப் பக்கம் இரும்புச் சாவியக் கடிச்ச மாதிரியே இருக்கு டாக்டர்" என்று வந்தார். நாளாக ஆகச் சரியாகும் என்றேன். இரண்டாம் தரம் வந்தபோது கேட்டேன், என்ன வேலை என்று.

ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமையல்காரர்.

அதற்குப் பிறகு அவர் வரவேயில்லை. எனக்கு அதில் ஒரு நிம்மதி இருந்தது. இதை எழுதவே கூசுகிறது.

மார்ச் 15, சனி

"இல்லை" என்று போட்டுவிட்டால் யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். சே.

மார்ச் 17, திங்கள்

பதிவேட்டு அறைக்குப் போய் அவருடைய ஃபைலை எடுத்தேன். ஆபரேஷனுக்கு முன் அவர் கையெழுத்திட்ட சம்மதத் தாளில் என் கையெழுத்தில் இருக்கிறது: கேட்கும் திறன் குறையலாம், தலைசுற்றல் வரலாம், முகத்தசை பலவீனமாகலாம். ருசியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தொழில் என்ற இடத்தில் "தனியார்."

தனியாராம். அப்படி எழுதியதும் நான்தான்.

மார்ச் 18, செவ்வாய்

அக்காவின் கட்சி: எழுதாதே, தூங்குகிற ஆளை ஏன் தட்டி எழுப்புகிறாய். இவர் கட்சி சொல்லவில்லை, என் டீயில் இரண்டாம் தரம் சர்க்கரை போட்டுக் கொடுத்தார். கலவரம் இவருக்கும்தான்.

ஆலோசகர் அம்மாவைக் கேட்டேன். தெரிந்தே மறைத்தால் முழுப் பாலிசியும் செல்லாமல் போகும். எழுதினால், புதுக் கம்பெனி அந்த ஒரு விஷயத்தை மட்டும் விலக்கிவிட்டு மற்றதை ஏற்கும்.

"அப்ப அந்த ஒண்ணுக்கு நான் மாட்டினேன்?"

"இல்ல. இன்னும் நீங்க ஆஸ்பத்திரி பட்டியல்லதானே இருக்கீங்க? இப்படி ஒண்ணு நடந்திருக்குன்னு இப்பவே எழுத்துல சொல்லிட்டா, புகார் எப்ப வந்தாலும் அவங்க பாலிசிலதான் சேரும். முப்பத்தொண்ணாம் தேதிக்குள்ள சொல்லணும்."

வாசல் இருக்கிறது. ஆனால் அதில் நுழைய, என் தப்பை என் கையால் எழுதி இயக்குநர் மேஜையில் வைக்க வேண்டும்.

அந்த நோயாளியிடம் பேசலாமா என்றும் கேட்டேன். அந்த அம்மா முதல் முறையாகக் கொஞ்சம் யோசித்தார். "கூப்பிட்டுப் பாக்கறது உங்க வேலை டாக்டர். வருத்தமும் சொல்லலாம். நஷ்டஈடு தர்றேன்னு மட்டும் வாக்குக் குடுத்துடாதீங்க."

மார்ச் 20, வியாழன்

வைத்தேன். இயக்குநர் படித்தார். கண்ணாடி துடைத்தார். மறுபடி படித்தார்.

"யாரும் கேக்கலையே டாக்டர்."

"அதனாலதான் சார் இப்ப சொல்றேன்."

போகிற நேரத்தில் எதற்கு இந்த வேண்டாத வேலை, ஆஸ்பத்திரி பெயரும் இதில் இருக்கிறதே என்று ஐந்து நிமிடம் பேசினார். கடைசியில் கையெழுத்துப் போட்டார்.

இதற்கென்று தனி படிவம் உண்டாம். குமாஸ்தா முக்கால் மணி நேரம் அலமாரியைக் குடைந்து எடுத்து வந்தார், கட்டு பிரிக்கவே இல்லை. "இதுவரைக்கும் யாருமே கேட்டதில்ல மேடம்" என்றவர் முகத்தில் கண்காட்சி திறந்துவைத்த மகிழ்ச்சி. என்னாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. நகலில் முத்திரை வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 24, திங்கள்

சமையல்காரருக்கு ஃபோன் செய்தேன். வியாழக்கிழமை வருகிறேன் என்றார்.

மார்ச் 27, வியாழன்

மனைவியோடு வந்தார். கொஞ்சம் பருத்திருக்கிறார். பரிசோதித்தேன்: வலது காது அருமை. நாக்கின் வலது பாதியில் உப்பும் தெரியவில்லை, இனிப்பும் தெரியவில்லை. இரும்பு ருசி மட்டும் போய்விட்டதாம்.

"ஏன் டாக்டர் முன்னாடியே சொல்லல?"

எத்தனையோ பதில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டேன்.

"சொல்லியிருக்கணும். ஆபரேஷனுக்கு முன்னாடி நீங்க என்ன வேலை பாக்கறீங்கன்னு நான் கேக்கவே இல்ல. தப்பு என் மேலதான். மன்னிச்சுக்குங்க."

அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா ஜன்னலைப் பார்த்தார். மச்சான் வக்கீலைப் பார்க்கச் சொல்லி நச்சரிக்கிறான், இன்னும் முடிவு பண்ணவில்லை என்றார் சமையல்காரர் மெல்ல. அது உங்கள் உரிமை, ஆஸ்பத்திரியிடமும் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றேன். நிமிர்ந்து என்னை ஒரு தரம் பார்த்தார்.

பிறகு நான் கொஞ்சமும் எதிர்பார்க்காத ஒன்று கேட்டார். இடது காதும் ரொம்ப வருடமாகவே மந்தம்தானாம். அதையும் நானே செய்து தர வேண்டுமாம். இரண்டு வருடமாகக் கேட்க நினைத்து, குறை சொல்லிவிட்டு வந்தோமே, டாக்டர் கோபமாக இருப்பார் என்று வராமலே இருந்திருக்கிறார்! நான் அவருக்குப் பயந்துகொண்டிருக்க, அவர் எனக்குப் பயந்துகொண்டிருந்திருக்கிறார்.

முடியாது என்றேன். இடது பக்க நரம்பும் போனால் நாக்கின் முன்பக்க ருசி மொத்தமும் போகும்; ஒரு சமையல்காரருக்கு நான் அதைச் செய்ய மாட்டேன். காதுக்கு மெஷின் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். மெஷினா, கிழவன் மாதிரி, என்று முறுக்கிக்கொண்டார். "கிழவன் மாதிரி கத்தறது மட்டும் பரவாயில்லையா?" என்றார் மனைவி. தீர்ப்பு அங்கேயே முடிந்தது.

மார்ச் 31, திங்கள்

கடைசி நாள். நர்ஸுகள் கேக் வெட்டினார்கள். இயக்குநர் வந்தார், கை குலுக்கினார். அந்தப் படிவத்தை இனி வேலையை விட்டுப் போகிற எல்லா டாக்டருக்கும் கொடுக்கச் சொல்லியிருப்பதாக, ஏதோ தன் யோசனை போலச் சொன்னார். இருந்துவிட்டுப் போகட்டும்.

ஏப்ரல் 8, செவ்வாய்

பாலிசி வந்துவிட்டது. வந்த நாள் ரகம், பத்து வருடத்துக்கு முந்தைய முன் தேதியோடு. சமையல்காரர் விஷயம் மட்டும் விலக்கு. அது ஆஸ்பத்திரிக் கணக்கில் பத்திரமாக இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்தையும் படித்தேன். புதுப்பிக்க வேண்டிய தேதியை இவர் ஏழு இடத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார், குளிர்பதனப் பெட்டி உள்பட.

ஏப்ரல் 22, செவ்வாய்

இன்று நான்கு பேர். ஒருவர் துணிக்கடைக்குப் போக வேண்டியவர், தவறி ஏறிவிட்டார். ஏறியதற்கு மரியாதையாகக் காதைக் காட்டிவிட்டுப் போனார்.

மே 16, வெள்ளி

பதினொரு பேர். சாப்பிட மணி மூன்று.

ஜூன் 19, வியாழன்

சமையல்காரர் மெஷினைச் சரிபார்க்க வந்தார். மச்சான் இன்னும் நச்சரிக்கிறானாம். இதுவரை கடிதம் எதுவும் வரவில்லை. வந்தால் வரட்டும், அதற்கான இடம் இருக்கிறது.

மெஷின் எப்படி என்று கேட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். கேன்டீனில் தட்டு நீட்டுகிற கவுன்ட்டர் அவருக்கு இடப்பக்கமாம். இப்போது அங்கே நிற்கிறவர்கள் பேசுவதெல்லாம் கேட்கிறதாம்.

"என் சமையல்ல உப்பு கம்மின்னு பேசிக்கறாங்க டாக்டர்."

ஆபரேஷனுக்குப் பிறகுதானே என்று கேட்டேன், குரல் எனக்கே கேட்கவில்லை.

"விசாரிச்சேனே. பன்னண்டு வருஷமா சொல்லிட்டிருக்காங்களாம். எனக்குத்தான் கேக்கல."

மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். முதலில் சிரித்தது அவர்தான், பிறகு நான், கடைசியில் சமையல்காரரும். வெளியே காத்திருந்த ஏழு பேரும் எட்டிப் பார்த்தார்கள்.