அண்ணன் கண்ட நிறம்

என் அருமை அண்ணா,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது கேட்காத ஒன்றை இப்போது கேட்கிறேன். நீ மீன்பிடித்த ஏரி உன் கண்ணுக்கு எந்த நிறத்தில் தெரிந்தது?

என் மகன் கதிரின் பள்ளியில் கண் பரிசோதனை நடந்தது. வண்ணப் புள்ளிகளுக்கு நடுவே இருக்கும் எண்ணை வாசிக்கச் சொன்னார்கள். அவனுக்கு எண்ணே தெரியவில்லை. பொன்னேரிக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். சிவப்பும் பச்சையும் இவனுக்குப் பிரித்துத் தெரியாது, பிறவியிலேயே அப்படித்தான், பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். பிறகு, இது அம்மா வழியாக வருவது, உங்கள் கூடப்பிறந்த ஆண்கள் யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டார்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் என் வளைகாப்பு நினைவுக்கு வந்தது. பச்சைக் கண்ணாடி வளையல் கேட்டேன். நீ காவி நிறத்தில் நான்கு டஜன் வாங்கி வந்தாய். சொந்தக்காரர்கள் முன்னால் விழுந்து விழுந்து சிரித்தேன். நீயும்தான் சிரித்தாய். இல்லையா?

ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கோட்டைக்குப்பத்தில் உன் வீட்டுக்குப் போனேன். அண்ணி நண்டு வலையில் சிக்கிய பாசியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் கையை நிறுத்தினாள்.

"எனக்குத் தெரியும். தக்காளி பழுத்துச்சான்னுகூட என்னாண்டதான் கேப்பாரு. ரயில் டிரைவர் வேலைக்குப் பரீட்சை பாஸ் பண்ணிட்டாரு. கண்ணு டெஸ்ட்லதான் திருப்பி அனுப்பிட்டாங்க."

பரீட்சையில் தோற்றுவிட்டதாகத்தானே வீட்டில் சொன்னாய்? என்னிடம் மட்டுமாவது சொல்லியிருக்கலாமே என்று அண்ணியிடம் புலம்பினேன்.

"நீ டீச்சராச்சே. சிரிப்பேன்னு பயந்தாரு" என்றாள்.

பதினான்கு வருஷமாக விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன், அண்ணா. மீன் கண்ணை எத்தனையோ முறை பலகையில் வரைந்திருக்கிறேன். கோலிக்குண்டு போல உருண்டையான வில்லை, அது முன்னும் பின்னும் நகர்ந்து கிட்டத்தையும் தூரத்தையும் பார்க்கும் என்பேன். கூடப்பிறந்தவன் கண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

அந்த வாரம் முழுக்கப் படித்தேன். நிறம் பிரிக்கும் செல்கள் நம் கண்ணில் மூன்று வகை. பல மீன்களுக்கு நான்கு வகை. நமக்குத் தெரியவே தெரியாத புற ஊதா ஒளியைச் சில மீன்கள் பார்க்கின்றன. முதுகெலும்புள்ள ஆதி உயிர்களுக்கே நான்கும் இருந்திருக்கின்றன. டைனோசர் காலத்தில் நம் பாலூட்டி முன்னோர்கள் பகலில் தலைகாட்டாமல் இருட்டிலேயே திரிந்து, இரண்டை இழந்துவிட்டார்களாம். வெகுகாலம் கழித்துக் குரங்கினத்தில் மூன்றாவது ஒன்று திரும்ப வந்தது. இலைகளுக்கு நடுவே பழுத்த பழத்தைக் கண்டுபிடிக்க அது உதவியிருக்கலாம் என்கிறார்கள். அந்த மூன்றாவதுதான் உனக்கும் கதிருக்கும் சரியாக அமையவில்லை. அப்படிப் பார்த்தால் மீனுக்கு முன்னால் நானும் குறைக் கண்ணுக்காரிதானே?

இன்னொன்றும் படித்தேன். நிறத்தால் மறைந்திருப்பதைச் சில சமயம் உன்னைப் போன்றவர்கள்தான் சட்டென்று பிடித்துவிடுவார்களாம். கலங்கிய தண்ணீரில் மடவை மீன் கூட்டத்தை முதலில் கைகாட்டுவது எப்போதும் நீதான் என்று உன் படகுக் கூட்டாளி வேலு சொல்லுவார். அது கண்ணாலா, இருபது வருஷப் பழக்கத்தாலா? எந்தப் புத்தகத்திலும் இதற்குப் பதில் இல்லை.

நைனாவிடம் சொல்லிவிட்டேன். பரீட்சையில் கோட்டை விட்டவன் என்று நீ போன பிறகும்கூட உன்னைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னபோது கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இன்னா சொல்ற, பாஸ் பண்ணானா?" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார். மறுநாள் டீக்கடையில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும், என் பிள்ளை ரயில் பரீட்சை பாஸ் பண்ணியவன் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அடுத்த மாதம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இந்த நிறக்குருடு பற்றிய பாடம் வருகிறது. அறுபது பேரில் எவனோ ஒருவன் இதை மறைத்துக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். உன் பெயரைச் சொல்லித்தான் பாடத்தைத் தொடங்குவேன், அண்ணா. யாராவது சிரித்தால், நான் சிரித்ததையும் சொல்லுவேன். இது சத்தியம்.

உன் கூடப்பிறந்த தங்கச்சி,
செல்வி