ஊசிக்கு முன் ரெண்டு சப்பாத்தி

கட்டுகஸ்தோட்டை,
புதன்கிழமை.

அன்பு மகள் ஆஸிகாவுக்கு உம்மா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் தம்பி இன்ஷாபும் சுகம், உன் சுகம்தான் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. போனில் கேட்டால் சாப்பிட்டேன் உம்மா, சுகம் உம்மா என்று சொல்லி வைத்துவிடுகிறாய், அதனால்தான் வெள்ளிக்கிழமை கட்டாருக்கு வரும் மஹ்ரூப் மாமாவின் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன், கடிதம் என்றால் நடுவில் கட் பண்ண முடியாதே. முந்தநாள் மருமகன் போன் எடுத்தார். நீ குசினியில் மயங்கி விழுந்ததை அவர் வாயால்தான் கேட்டேன். ஏழு மாத வயிற்றோடு, சீனி வருத்தத்துக்கு ஊசியையும் போட்டுக்கொண்டு, ஒன்றும் சாப்பிடாமல் இருந்தாயாமே. டொக்டர் சோற்றைக் குறைத்து ரெண்டு சப்பாத்தி சாப்பிடச் சொன்னதும், சுட்டது தோல் மாதிரி இழுபடுகிறது என்று நீ குப்பையில் போட்டதும், சாப்பிட்டேன் என்று எனக்கு அதன் படத்தை அனுப்பினதும் எல்லாம் சொன்னார். அவரோடு கோபிக்காதே, அவரும் பயந்துபோய்த்தான் சொன்னார். அந்தப் படத்தை நான் உன் சாச்சிக்கெல்லாம் காட்டிப் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன் மகள். வாப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை, தெரிந்தால் இரவோடு இரவாக டிக்கட் தேடுவார்.

நான் ஒன்றைச் சொல்ல வேண்டும். நீ ஸ்கூலுக்குக் கொண்டுபோன பஞ்சு மாதிரிச் சப்பாத்தியில் ஒன்றுகூட நான் சுட்டதில்லை. பக்கத்து வீட்டு சஞ்சீவனி அக்கா ஓடருக்குச் சுடுவதில் நாலு வாங்கி உன் பெட்டியில் வைத்துவிட்டு நான் படிப்பிக்க ஓடிவிடுவேன். உம்மாட கை உம்மாட கைதான் என்று நீ சொல்லும்போதெல்லாம் சிரித்துக்கொண்டு இருந்துவிட்டேன். மூன்று கிழமைக்கு முதல் எப்படிச் சுடுவது என்று நீ கேட்டபோதும் தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, தேங்காய் ரொட்டி சுடுகிற முறையைச் சொல்லி வைத்தேன். பச்சைத்தண்ணியைக் கொஞ்சமாக விட்டு இறுக்கிக் குழை, நெருப்பைக் குறைத்து மெல்ல மெல்லச் சுடு என்று. நீயும் அப்படியே செய்திருக்கிறாய். பிழை என்னுடையது. அதனால் நேற்றுப் பின்னேரம் அக்கா வீட்டுக்குப் போனேன். என்னைச் சுடவிட்டுப் பார்த்து, டீச்சர் இதால கூரை போடலாம், ஒரு சொட்டு ஒழுகாது என்று சிரித்தா. விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை விட்டுவிட்டு மாவை எடுத்தா. கவனமாகக் கேள். ஆட்டா மாவில் உப்புப் போட்டு, கை பொறுக்கிற சுடுதண்ணி விட்டுக் குழை. கையில் ஒட்டுகிறதே என்று பயந்து மா போடாதே, குழைக்கக் குழைக்க ஒட்டாமல் வரும். ஈரத்துணியால் மூடி அரை மணித்தியாலம் வைத்துவிட்டு மெல்லிசாகத் தேய். கல்லு நல்ல சூடாக இருக்க வேண்டும், கொப்புளம் வந்ததும் திருப்பி, துணியால் அமத்தி, பொங்கினதும் எடு. நம்முடைய ரொட்டி மாதிரிக் கல்லில் கிடக்கவிட்டால் காய்ந்துவிடும். எடுத்த கையோடு துணியில் சுற்றி மூடிவை, அதற்காகவே வாப்பாவின் பழைய வெள்ளைச் சாரனைக் கழுவி வெட்டி இதோடு வைத்திருக்கிறேன். இன்றைக்கு விடியச் சுட்டேன். நாலு பப்படமாகப் போய் ஐந்தாவது பொங்கினது. அதற்குப் பிறகு வந்ததில் மூன்றைத் தின்றுவிட்டு, இது சஞ்சீவனி மாமி சுட்டதுதானே என்று கேட்கிறான் உன் தம்பி.

இனி ஊசியைப் போட்டுவிட்டு மா குழைக்க நிற்காதே மகள், ரெண்டையும் சுட்டு மூடிவைத்த பிறகுதான் ஊசியைத் தொட வேண்டும். மாப்பிள்ளை வரட்டும் என்றும் காத்திருக்காதே. சப்பாத்தி சரிவராத நாளில் என்ன சாப்பிடலாம் என்று கிளினிக்கில் கேட்டு வை, மயங்கினதையும் மறைக்காமல் சொல்லு. அல்லாஹ் உன்னையும் வயிற்றுப் பிள்ளையையும் ரெண்டு உயிராகச் சுகத்தோடு பிரித்துத் தரட்டும், ஒவ்வொரு தொழுகையிலும் அழுது கேட்கிறேன். தெரியாததைத் தெரியும் என்று இனி நான் சொல்ல மாட்டேன், சாப்பிடாததைச் சாப்பிட்டேன் என்று நீயும் சொல்லாதே. சப்பாத்தியின் படம் எனக்கு வேண்டாம். சாப்பிட்டு முடித்த வெறும் பீங்கான் தட்டின் படத்தை அனுப்பு, மூன்று நேரமும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உன் உம்மா,
றிஸானா.