மாற்றக் கூடாத ‘இன்னார்’

13-4-1964
குமாஸ்தா நின்றபின் லூர்துமேரியே எனக்கு டைப் அடித்துத் தருகிறாள். மனைவியிடம் வேலை வாங்குவதற்கும் விதி வேண்டும். மாதிரிப் பத்திரத்தில் ‘இன்னார்’ என்று வரும் இடமெல்லாம் கட்சிக்காரரின் பெயரை அடிக்க வேண்டும். விலக்கு இல்லை என்றேன். பிசகாமல் செய்கிறாள்.

20-4-1964
தொண்டூர் பாவாடையின் தானப் பத்திரம் பதிவாயிற்று. கோடையிலும் வற்றாத தம் கிணற்றை ஊருக்கே பொதுவாக்கிவிட்டார். தம்பி கலியபெருமாளுக்குச் சம்மதமில்லை. தடுக்க உரிமையும் இல்லை. சர்வே எண்ணையும் நான்கு எல்லைகளையும் இருமுறை சரிபார்த்தேன்.

23-4-1964
பாவாடை பஸ் பிடித்து வந்தார். கிணற்றைச் சுற்றித் தம்பி முள் வெட்டிப் போட்டிருக்கிறானாம். காலனிப் பெண்கள் வெறுங்குடத்தோடு திரும்புகிறார்களாம்.

“பத்தரத்தப் படிச்சிப் பாருங்க வக்கீலய்யா. பாவாடையப் பாக்காம தண்ணி எடுக்கணுமாம். ஊரே சிரிக்குது.”

படித்தேன். ‘பாவாடை இனியார் என்று பாராமல் யாவரும் தண்ணீர் எடுக்கலாம்.’ மாதிரியில் நான் எழுதியது, ‘இன்னார் இனியார் என்று பாராமல்’. அந்த இன்னார் பெயருக்காகக் காலியாக விட்ட இடம் அன்று. வேண்டாதவர் என்று பொருள்படும் அந்தச் சொல்லே அங்கு நிற்க வேண்டும். என் விதி அதற்கு வழி விடவில்லை.

பொருளற்ற வாசகம், பத்திரம் செல்லாது என்கிறானாம் தம்பி. வாதாடலாம் — எத்தனை கோடை? பிழைதிருத்தல் பத்திரம் போதும். ஆனால் பாவாடை மறுபடி கையெழுத்திட வேண்டும். “வூட்ல கேட்டுட்டு வரேன்” என்று எழுந்துவிட்டார்.

மேரி கேட்டாள்: “நீங்க சொன்னதத்தான அடிச்சேன்? எதுக்கு மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு இருக்கீங்க?” கோபம் அவள்மேல் இல்லை. அதைச் சொல்ல ஏன் எனக்கு வாய் வரவில்லை?

24-4-1964
புது விதி: மாற்றக் கூடாத இடத்தில் ‘இன்னார் இன்னார்’ என்று இரட்டித்து எழுதுவேன், அவள் ஒருமுறை மட்டும் அப்படியே அடிப்பாள்.

“ரெண்டு எழுதினா ஒண்ணா? இது எந்தச் சட்டத்துல இருக்குது?” என்று சிரித்தாள். தவறு என்னுடையது என்று அப்போதுதான் சொன்னேன்.

25-4-1964
பாவாடை வரவில்லை.

27-4-1964
வந்தார், மனைவி ராஜம்மாளோடு. தம்பி பேச்சை நிறுத்திவிட்டானாம். “பேசாட்டி போறான். தாகத்துக்குப் பேச்சாத் தருவான்?” என்றாள் ராஜம்மாள்.

திருத்திய பத்திரத்தை மேரியே படித்துக் காட்டினாள்.

“எம்பேரு எத்தினி எடத்துல வருதும்மா?”

“மேல ஒண்ணு, கையெழுத்துக்குக் கீழ ஒண்ணு.”

“அது போதும். கெணத்தாண்ட வேணாம்.”

கையெழுத்திட்டார்.

3-5-1964
சர்ச்சில் ஞாயிற்றுப் பூசை முடிந்து மேரியும் நானும் தொண்டூர் போனோம். முள் இல்லை. ஒரே கயிற்றுக்கு நான்கு பெண்கள் சண்டையிட்டார்கள். “ஒருத்தி ஒருத்தியா வாங்கடி” என்று அதட்டியவள் தைலம்மாள், கலியபெருமாளின் மனைவி. அடுத்த வாளியை அவள் காலனிப் பெண்ணின் குடத்தில் ஊற்றினாள்.