குடும்பத்தில் ஒருத்தர் மாதிரி

அக்கா,

காலையில் ஒரு அட்டைப்பெட்டி வந்தது. சம்பந்தியம்மா வீட்டோடு கொடைக்கானல் போய்விட்டு மதுரைக்குத் திரும்பும் வழியில் டிரைவரிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறார். பிரித்ததும் அடுப்படி முழுக்க அந்த வாசம். கடையில் மெழுகு பூசி அடுக்கியிருக்கிற ஆப்பிளுக்கு வாசமே கிடையாது என்பாய். இது மலைப்பழம். சின்னது, ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் பச்சை. ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தேன். பாதிப் பழங்களில் குச்சியும் இலையும் ஒட்டிக்கொண்டிருந்தன. யாரோ பிடித்து இழுத்திருக்கிறார்கள்.

உனக்கு மடல் எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. எழுதினாலும் நீ எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய். வீட்டில் வந்த கடிதமெல்லாம் நான் வாசிக்க, நீ கேட்டுக்கொண்டே பூண்டு உரிப்பாய். இதையும் நானே எழுதி நானே வாசிக்க வேண்டியதுதான்.

சிலோன் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு வந்த குடும்பம் நாம். பூம்பாறை ரோட்டில் இருந்த அந்த ஆப்பிள் தோட்டத்துத் தகர வீட்டில்தான் நான் வளர்ந்தேன். அப்பா மண் கொத்தினார். நீ பதினாலு வயதில் கூடை தூக்கினாய். நான் மட்டும் விடுதியில் தங்கிப் படித்தேன், டீச்சரானேன், வத்தலக்குண்டில் வீடு கட்டினேன். உன் புருஷன் உன்னை விட்டுவிட்டுப் போன வருஷம் எனக்குப் பெண் பிறந்தாள். நீ வந்தாய், அவளைத் தோளில் தூக்கினாய், இருபத்திரண்டு வருஷம் இறக்கவேயில்லை. அவள் முதலில் சொன்ன வார்த்தை அம்மா இல்லை, பெரியம்மா. எனக்கு அதில் கொஞ்சம் பொறாமை உண்டு, இப்போது சொல்லிவிடுகிறேன்.

அவளுக்கு மதுரையில் ஜவுளிக்கடைக்காரர் வீட்டுச் சம்பந்தம் வந்தபோது, நம் அப்பா தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தார் என்று தரகரிடம் சொன்னது நான்தான். பொய் சொன்ன பிள்ளைகளை முட்டி போட வைக்கிற டீச்சர். பெண் பார்க்க அவர்கள் வந்த அன்று நீ அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. புருஷன் இல்லாதவள் எதிரே வரக்கூடாது என்று நீயே ஒதுங்கிக்கொண்டாய். நானும் வா என்று கூப்பிடவில்லை.

அதற்கப்புறம்தான் அந்தப் பயணம். ஆயுத பூஜை விடுமுறை. ரெண்டு குடும்பமும் ஒரு வேனில் போய், காலையில் அதே பூம்பாறை ரோட்டு ஆப்பிள் தோட்டம், மத்தியானம் கொடைக்கானலில் பழைய கல் சர்ச், ஏரி என்று சம்பந்தியம்மா திட்டம் போட்டார். நீ எலுமிச்சம் சாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டே, நானும் வரட்டுமா என்று கேட்டாய். கல்யாணமாகி மலையை விட்டு இறங்கி முப்பது வருஷம் ஆகியிருந்தது உனக்கு. நீ நட்ட மரங்கள் எப்படி இருக்கின்றன என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான் உன் ஆசை. அங்கே வேலை செய்ததை மட்டும் சொல்லிவிடாதே என்றேன். சிரித்தாய்.

"நான் எதுக்குச் சொல்லப் போறேன்? வேன்லயே உக்காந்து சாமானப் பாத்துக்கிறேன் புள்ள. கண்ணால பாத்தாப் போதும்."

உட்கார்ந்துதான் இருந்தாய். சம்பந்தியம்மாவின் பேரப்பிள்ளைகள் ரெண்டு பேரும் மரத்தில் தொங்காத குறையாக இழுத்தார்கள். கிளை படக்கென்று முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. மூன்றாவது சத்தத்தில் வேன் கதவு திறந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நீ வந்த வேகத்தில் நான் பயந்துபோனேன்.

"இழுக்காத ராசா. உள்ளங்கையில ஏந்து. அப்படியே மேல தூக்கித் திருப்பு, அதுவாக் கைக்கு வந்துரும். இழுத்தா அடுத்த வருசம் பூக்கப்போற கண்ணும் சேந்து போயிரும்."

பையன் நீ சொன்னபடி செய்தான். பழம் சத்தமில்லாமல் கையில் வந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். நீ அந்த மரத்தின் அடியைத் தடவிப் பார்த்தாய். உன் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. சம்பந்தியம்மா ஆச்சரியமாக என்னிடம் திரும்பினார்.

"யாரு இவங்க? தோட்ட வேலையெல்லாம் இவ்வளவு தெரியுது?"

என் மகள் வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"எங்க வீட்ல வேலைக்கு இருக்காங்க. ரொம்ப வருசமா. குடும்பத்துல ஒருத்தர் மாதிரி."

என் வீட்டுக்காரர் இருமிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். மகள் தலை குனிந்துகொண்டாள். நீ கையிலிருந்த பழத்தை முந்தானையில் துடைத்தாய். அதைப் பையனிடம் கொடுத்துவிட்டு, "ஆமாங்கம்மா" என்றாய்.

ஏன் அக்கா அப்படிச் சொன்னாய்? அந்த இடத்திலேயே என் கன்னத்தில் ஒன்று போட்டிருக்கக் கூடாதா? சின்ன வயதில் சிலேட்டை உடைத்ததற்கெல்லாம் அடித்தவள்தானே நீ. அடித்திருந்தால் சம்பந்தம் போயிருக்கும். போனால் போகட்டும், நான் மனுஷியாக மிஞ்சியிருப்பேன்.

அதன்பிறகு அந்த நாள் முழுக்க நீ வேலைக்காரியாகவே இருந்தாய், ஒரு குறை சொல்ல முடியாதபடி. ஏரிக்கரையில் எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, வேனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டே சாப்பிட்டாய். வீட்டில் ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்கள் நாம். மகள் தட்டோடு உன் பக்கம் வந்தபோது, "அங்க போய் உக்காரு பாப்பா" என்று விரட்டினாய். சர்ச்சைச் சுற்றிப் பார்த்தபோது பத்தடி பின்னால் பைகளோடு நடந்தாய். மேகம் இறங்கிக் குளிர் ஏறியது. நீ நடுங்கியதை நான் பார்க்கவில்லை. பார்த்தவர் சம்பந்தியம்மா. சர்ச்சுக்கு வெளியே ஒரு கடையில் நீலக் கம்பளிச் சால்வை வாங்கி, அவரே உன் தோளில் போட்டுவிட்டார். நல்ல மனுஷி. அவரிடமா உன்னை மறைத்தேன்?

இறங்கும்போது கொண்டை ஊசி வளைவில் எனக்குக் குமட்டியது. பின்சீட்டிலிருந்து ஒரு கை நீண்டு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்தது. வீடு வந்ததும், அவர்கள் போன பிறகு, கல்யாணம் முடியட்டும், நானே உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று உன் கையைப் பிடித்தேன். நீ கையை உருவிக்கொண்டாய்.

"சொன்னது சொன்னதாவே கெடக்கட்டும். புள்ள போற எடத்துல ஒரு பேச்சு வரக்கூடாது."

கல்யாண மண்டபத்தில் நீ சாமான் அறையை விட்டு வரவில்லை. முகூர்த்தப் புடவையோடு மகள் அங்கே ஓடிவந்து காலில் விழப்போனபோது, முதலில் கதவைச் சாத்தினாயாம். பிறகுதான் ஆசீர்வாதம் செய்தாயாம். அவள் சொல்லி அழுதாள். மறுமாதமே நீ மறுபடி மலையேறிக் கிளாவரைக்குப் போய்விட்டாய், பூண்டுக் காட்டு வேலைக்கு. தடுத்தேனா? இல்லை. பஸ் நகர்ந்ததும் எனக்கு அப்பாடா என்றிருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

மூன்றாவது வருஷம் மார்கழிக் கடைசியில், குளிரில் நீ கண்ணை மூடிவிட்டாய். நான் வந்து சேர்வதற்குள் காட்டுக்காரர்கள் எல்லாம் முடித்துவிட்டார்கள். உன் டிரங்குப் பெட்டியில் அந்த நீலச் சால்வை மடித்து இருந்தது. அஞ்சாம் நாள், தை பிறந்ததும், பேரனுக்குக் காதுகுத்து. சம்பந்தி வீட்டில் யாருடைய தீட்டு என்று சொல்வது? தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு போனேன். என்னைப் பார்த்ததும் மகள் மாடிக்குப் போய்விட்டாள். இன்று வரைக்கும் அவள் என்னிடம் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்கிறாள்.

பெட்டி வந்து சேர்ந்ததா என்று கேட்க மத்தியானம் சம்பந்தியம்மா போன் செய்தார். ரெண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை செய்யப் போகிறார்களாம், கூடவே ஒரு ஆள் வேண்டுமாம்.

"உங்க வீட்ல ஒருத்தங்க இருந்தாங்களே, ஆப்பிள் பறிக்கச் சொல்லிக் குடுத்தாங்களே, அவங்க நல்லா இருக்காங்களா? எனக்கும் அவங்கள மாதிரி ஒருத்தர் அமைஞ்சாத் தேவலை."

அது என் அக்கா. மூன்றே வார்த்தை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மேஜையில் உன் பழங்கள் குச்சியும் இலையுமாகக் கிடந்தன.

"அவங்க வேலைய விட்டு நின்னு ரொம்ப நாளாச்சுங்க" என்றேன். "வேற ஆள் விசாரிச்சுச் சொல்றேன்."