பிஷப்பின் கழுத்து இறகு

ஜனவரி 6, செவ்வாய்

மழை. நேற்றும் மழை. இன்று பெண்கள் கிறிஸ்துமஸ், ஆண்கள் சமைத்துப் பெண்கள் ஓய்வெடுக்கும் நாள், அதனால் அடுப்படி என் புருஷன் ஃபிண்டனுடையது. உருளைக்கிழங்கை அடிப்பிடிக்க விட்டுவிட்டு, "இன்னிக்கு நீ ஒரு வேலையும் தொடக் கூடாது, சும்மா உட்காரு" என்று எனக்கு உபசாரம் வேறு. உட்காரவா? செப்டம்பர் கடைசியில் மீன் பிடிக்கத் தடை போட்டு ஏரியை மூடிய நாளிலிருந்து உட்கார்ந்துதானே இருக்கிறேன்! காலையில் தபால் வண்டிக்குள், மதியத்துக்கு மேல் வீட்டுக்குள். டிரவுட் மீன் பிடிக்கத் திறப்பது பிப்ரவரி பதினைந்து. அதுவரை கொரிப் ஏரியை ஜன்னல் வழியாகப் பார்த்துப் பெருமூச்சு விடலாம்.

"பைக் மீன் பிடிக்கப் போயேன், அதுக்குத்தான் தடை இல்லையே" என்கிறான். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகும் இப்படி ஒரு வார்த்தை. புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இன்னொரு சனியன். எங்கள் நாய் டாஃபியின் தொங்கு காதைத் தூக்கினால், பின்னால் கையகலத்துக்கு முடி இல்லை. டாஃபி ஃபிண்டனின் உயிர். செம்பட்டை முடி சுருள் சுருளாக இருக்கும். வழுக்கையைக் கண்டதும் அவன் நாயைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். தூண்டில் கொக்கியில் முடியும் இறகும் சுற்றிப் பொய்ப்பூச்சி கட்டுகிறவள் இந்த வீட்டில் நான் ஒருத்திதானே.

ஜனவரி 7

நான் வெட்டவில்லை. பைபிள்மேல் கை வைத்துச் சொன்னேன். "பைபிள எதுக்கு இழுக்கற?" என்கிறான்.

ஜனவரி 11, ஞாயிறு

நாயை மருத்துவரிடம் கூட்டிப்போய்க் களிம்பு வாங்கி வந்தான். அவருக்கும் என்ன நோய் என்று தெரியவில்லையாம். வீடு முழுக்கத் தார் நாற்றம்.

மழை கொஞ்சம் விட்டது. கோயில் வண்டி நிறுத்துமிடத்தில் தூண்டில் கோலை வீசிப் பழகினேன். கொக்கி கிடையாது, நூல் நுனியில் சிவப்புக் கம்பளித் துண்டு. தோள் துருப்பிடித்துப் போயிருக்கிறது. பாதிரியார் குடையோடு வந்து நின்றார்.

"ஏதாவது மாட்டுச்சா, டெலியா?"

"இல்ல ஃபாதர். இங்க மனுஷங்கதான் வர்றாங்க."

"அவங்களப் பிடிக்கறது என் வேலைம்மா. எனக்கே ஒண்ணும் கடிக்க மாட்டேங்குது."

சிரித்தேன். எத்தனை நாளாயிற்று சிரித்து! வீட்டுக்கு வந்ததும் பழையபடி சிடுசிடுப்பு.

ஜனவரி 14

தம்பி கோல்மன் கார்க் நகரத்திலிருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறான். அவன் கோழிகளுக்குத் தீனி வைக்கும் பொறுப்பு என் தலையில். "பிஷப்ப மட்டும் தனியா கவனிச்சுக்கோக்கா" என்று மூன்று தடவை சொன்னான். பிஷப் என்பது அவனுடைய சேவல். நடையும் அப்படி, கழுத்தும் அப்படி. வேலையற்றுக் கிடக்கும் எனக்கு இதுவாவது இருக்கட்டும்.

ஜனவரி 17, சனி

அந்தக் கழுத்து! தேனும் சாம்பலும் கலந்த நிறம். எந்தக் கடையிலும் கிடைக்காது. மார்ச்சில் ஏரிமேல் எழும்பும் கரும்பூச்சிக்கு அதே மினுமினுப்பு. மூன்று நாளாகத் தீனி வைக்கும்போதெல்லாம் பார்க்கிறேன். வெளியே புயல். மின்சாரம் போய்விட்டது. செய்ய ஒன்றுமில்லை, ஒன்றுமே இல்லை.

எட்டு இறகு. எட்டுதான். அக்குளில் இடுக்கிக்கொண்டு மெதுவாகத்தான் பிடுங்கினேன், அவனும் பெரிதாகக் கத்தவில்லை. வளர்ந்துவிடும்.

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இரண்டு பூச்சி கட்டிக் குளியல் தொட்டியில் மிதக்கவிட்டேன். ஃபிண்டன் வந்து எட்டிப் பார்த்து, கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

ஜனவரி 21

கோல்மன் வந்தான். சேவலை அக்குளில் வைத்துக்கொண்டு நேராக அடுப்படிக்கே வந்துவிட்டான்.

"பாரு. நல்லா பாரு. என்ன இது?"

"இறகு உதிர்ற காலம்..."

"ஜனவரியிலயா?"

"எட்டுதான்டா. வளர்ந்துடும்."

"முப்பத்தொண்ணாந் தேதி சேவல் அழகுப் போட்டி! அதுக்குள்ள வளருமா? ரெண்டு வருஷமா பிள்ளை மாதிரி வளத்தேன்."

போட்டி கோடையில்தான் என்று நினைத்திருந்தேன். அதையே சொன்னேன். உண்மைதான்... உண்மைதானா? கேட்டிருக்கலாமே. கேட்டால் பிடுங்க முடியாது என்பதால்தானே கேட்கவில்லை.

"ஏரிய மூடினா உனக்கு மூளையும் மூடிக்குது. நம்ம படகுல கூட வர வேற ஆளப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனான். ஃபிண்டன் கரண்டியோடு நின்றபடி, "அப்ப டாஃபியையும் நீதான்" என்றான்.

ஜனவரி 22

கோபத்தில் சொல்லியிருப்பான்.

ஜனவரி 26

கோபத்தில் சொல்லவில்லை. அவன் வீட்டுக்குத் தபால் கொடுக்கப் போகாமல் இருக்க முடியாது, என் பிழைப்பு அது. தினமும் கதவைத் திறக்கிறான், கை நீளுகிறது, கதவு மூடுகிறது. இன்று "தபால்" என்றேன். "ம்" என்றான்.

படகு எங்கள் இருவருக்கும் பொது. அவன் கொட்டகையில் கிடக்கிறது. பிப்ரவரிக் காற்றில் ஒருவர் துடுப்பைப் பிடித்துப் படகைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும், அப்போதுதான் இன்னொருவர் வீச முடியும். தனியாகப் போகிறவன் பிணமாகத்தான் திரும்புவான். பாதிப் படகை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? சுவரில் மாட்டி அழகு பார்க்கவா?

பிப்ரவரி 1, ஞாயிறு

புனித பிரிஜித் நாள், வசந்தம் பிறந்துவிட்டதாம். ஆலங்கட்டி மழை.

பிஷப்புக்கு நேற்று ஒரு பரிசும் இல்லை. கழுத்தைப் பார்த்த நடுவர் நோயா என்று கேட்டாராம். கோல்மனுக்கு எப்படி இருந்திருக்கும்! ஒரு ஆப்பிள் கேக் செய்து அவன் வாசலில் வைத்தேன். திரும்பி வரும்போது பார்த்தேன், பிஷப் அதைக் கொத்திக்கொண்டிருந்தான். அவனாவது சாப்பிட்டான்.

பிப்ரவரி 7

ஃபிண்டனைத் துடுப்புப் போடக் கேட்டேன். "எனக்கு அந்தத் தொட்டியில உக்காந்தாலே தல சுத்துது. என்ன விட்டுடு, தாயே."

எல்லார் மேலும் எரிந்து விழுகிறேன். கெண்டியிடம்கூட. அது கொதிக்க ஏன் இவ்வளவு நேரம்? தூண்டில் ரீலுக்கு நான்காவது தடவை எண்ணெய் போட்டேன். கட்டிய பூச்சிகளை அவிழ்த்து மறுபடி கட்டினேன். பிஷப்பின் இறகில் கட்டிய இரண்டை மட்டும் தொடவில்லை.

பிப்ரவரி 11

கொட்டகையிலிருந்து வார்னிஷ் வாசம். தபாலைக் கொடுத்துவிட்டு வேண்டுமென்றே வேலி ஓரம் நின்றேன். படகுக்குத் தனியாகத்தான் பூசுகிறான். ஒவ்வொரு வருஷமும் நான் வலப்பக்கம், அவன் இடப்பக்கம், யார் பக்கம் பளபளக்கிறது என்று சண்டை போடுவோம். இன்றைக்கு இரண்டு பக்கமும் அவனேவா?

மீன் கிடக்கட்டும். மீன் யாருக்கு வேணும்? அந்தப் பய எங்கிட்ட ஒரு வார்த்தை பேசினாப் போதும். எட்டு இறகுக்காக ஒருத்தன் கூடப்பிறந்தவள விட்டுடுவானா? விட்டுடுவான். எங்க வீட்டு ரத்தம் அப்படி.

பிப்ரவரி 14, சனி

காதலர் நாள் வாழ்த்துகள் வண்டி நிறைய. கோல்மனுக்கு மின்கட்டணச் சீட்டு மட்டும்தான்.

நாளை திறப்பு. காற்று மேற்கு, மேகமூட்டம். இதைவிட நல்ல நாள் வராது. எனக்கென்ன வந்தது? தூங்கப் போகிறேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

விடியும்போது துறையில் நின்றேன். போகக் கூடாதென்றுதான் இருந்தேன், கால் கேட்கவில்லை. கோலை எடுத்துப் போனேனா? எடுத்துத்தான் போனேன்.

படகு தண்ணீரில் இருந்தது. கோல்மன் குனிந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். இருக்கைகளின் மேல் இரண்டு மெத்தை. இடப்பக்கம் கண்ணாடி மாதிரி மின்னியது. வலப்பக்கம் மங்கிக் கிடந்தது. ஒரு பூச்சு வார்னிஷ்கூடப் பூசியிருக்கவில்லை.

"ஏறு. குளுருது" என்றான்.

தீவைத் தாண்டும்வரை அவனே துடுப்புப் போட்டான். துடுப்பை என்னிடம் தந்துவிட்டு, பூச்சி மாட்டத் தன் பெட்டியைத் திறந்தான். வரிசை வரிசையாக ஒரு பத்துப் பதினைந்து பூச்சி. எல்லாவற்றுக்கும் செம்பட்டை உடம்பு, சுருள் சுருளாக.

"டேய். இது டாஃபி முடி."

அவன் தண்ணீரைப் பார்த்தான். "கிறிஸ்துமஸ் அன்னிக்கு நீங்கல்லாம் சாப்பிட்டுத் தூங்கிட்டிருந்தீங்க. அது என் மடியில தல வச்சுப் படுத்திருந்துச்சு. கொஞ்சம்தான்க்கா. வளர்ந்துடும்."

"ஃபிண்டன் என்னைத் தின்னுட்டான்டா, ஒன்றரை மாசமா!"

"தெரியும். அதான் உன்ன ஏறச் சொன்னேன்." பூச்சி ஒன்றைத் தொட்டுக் காட்டி, "இதோட கழுத்துல சுத்தறதுக்கு இறகுதான் சரியா அமையல. பிஷப்போடதப் பிடுங்கலாம்னு நெனச்சு வச்சிருந்தேன். போட்டி முடியட்டும்னு" என்றான்.

துடுப்பை விட்டுவிட்டேன். படகு சுற்றியது. அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. பாக்கெட்டிலிருந்து அந்த இரண்டையும் எடுத்து, ஒன்றை அவனிடம் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நல்லாத்தான் கட்டியிருக்க, திருடி" என்றான்.

மீன் ஒன்றுகூட வரவில்லை. ஒரு தடவை ஏதோ இழுத்தது, பாசியாகக்கூட இருக்கலாம்.

நனைந்து வீட்டுக்கு வந்தேன். ஃபிண்டன் நாய்க்குக் களிம்பு தடவிக்கொண்டிருந்தான். உண்மையைச் சொன்னால் கோல்மனை இனி வாசற்படி ஏற விடமாட்டான். ஈஸ்டருக்குத் தம்பி எப்போதும் இங்கேதான் சாப்பிடுவான்.

"ஃபிண்டன், நான்தான் வெட்டினேன்" என்றேன்.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றான், அவ்வளவு சந்தோஷமாக. எழுந்து போய் எனக்குத் தேநீர் போட்டுக் கொண்டுவந்தான்.

நாளை வேலை முடிந்ததும் வலப்பக்கம் பூச வேண்டும்.